பரிமாணங்களும் பரமபதமும்

ஸ்ரீ:

பிரம்மோத்ஸவம் சேவிக்க வருகின்ற அன்பர்களுள் கல்லூரியிற் பயிலும் இளைஞரும் பலர் உளர். அவர்களிற் சிலர் பெரியோரிடத்தே ஒரு கேள்வியை எழுப்புவதுண்டு. "நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுக்கு அப்பாலும் பரிமாணங்கள் இருக்கக்கூடும் என்று பௌதிக சாஸ்திரம் வல்லோர் கூறுகின்றனர். நாம் வாழும் உலகமே மேலானதொரு வெளியில் மிதக்கும் மெல்லிய படலம் என்றும் சிலர் எழுதுகின்றனர். அப்படியாயின், ஸ்ரீவைகுண்டம் என்பது அந்த மறைந்த பரிமாணத்தில் இருப்பதாகக் கொள்ளலாமோ?" என்பது அக்கேள்வி.

இதற்குச் சிலர் "ஆம், நம் ரிஷிகள் அன்றே கண்டது இதுதான்" என்று மகிழ்ந்து விடுவர். வேறு சிலர் "இவையெல்லாம் மேனாட்டார் கற்பனை" என்று தள்ளி விடுவர். இவ்விரு விடைகளும் ஆராயாமற் சொல்லப்படுவன. ஒரு மதத்தைக் கொள்வதாயினும் தள்ளுவதாயினும், முதலில் அதனை அம்மதத்தார் சொல்லுகிறபடியே அறிதல் வேண்டும் என்பது பூர்வாசார்யர்கள் கைக்கொண்ட முறை. பூர்வபக்ஷத்தைப் பழுதறச் சொல்லிய பின்னரே ஸித்தாந்தம் சொல்லப்படும். அம்முறையே பற்றி, முதலில் பௌதிகர் கூறுவதும், பின்னர் நம் தர்சனம் கூறுவதும் இங்கே விளக்கப்படுகின்றன.

1. பரிமாணம் என்பது யாது?

ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் குறிக்க எத்தனை எண்கள் வேண்டுமோ, அந்த இடத்துக்கு அத்தனை பரிமாணங்கள் உண்டு என்பர். நேரான வீதியில் திருத்தேர் எங்கே நிற்கிறது என்று சொல்ல, நிலையிலிருந்து இத்தனை அடி என்னும் ஓர் எண்ணே போதும். திருக்குளத்தில் தெப்பம் நிற்குமிடத்தைச் சொல்ல, கீழ்க்கரையிலிருந்து இவ்வளவு, தென்கரையிலிருந்து இவ்வளவு என இரண்டு எண்கள் வேண்டும். கோபுரத்தின் மேல் அமர்ந்த கிளியின் இடத்தைச் சொல்ல, உயரத்தையும் சேர்த்து மூன்று எண்கள் வேண்டும். நான்காவது எண்ணை எவரும் கேட்பதில்லை. ஆதலின் வெளியானது மூன்று பரிமாணங்களை உடையது என்று உலகோர் கொண்டனர்.

காலத்தையும் ஒரு பரிமாணமாகச் சேர்த்து எண்ணும் வழக்கம் பின்னர் வந்தது. 1905-ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் வெளியிட்ட சார்புக் கொள்கையை ஆதாரமாகக் கொண்டு, 1908-இல் மின்கோவ்ஸ்கி என்னும் கணித மேதை இடத்தையும் காலத்தையும் ஒன்றாகப் பிணைத்துக் காட்டினார். எங்கே என்பதற்கு மூன்றும், எப்போது என்பதற்கு ஒன்றுமாக நான்கு எண்கள் ஆயின. இக்கட்டுரையில் பேசப்படும் மறைந்த பரிமாணமோ காலத்தைச் சேர்ந்ததன்று, இடத்தைச் சேர்ந்தது.

கண்ணாற் காணாத பரிமாணத்தை மனத்தால் நினைப்பது எங்ஙனம்? 1884-இல் எட்வின் அபட் என்னும் ஆங்கிலேயத் தலைமையாசிரியர் 'ஃபிளாட்லேண்ட்' என்னும் கதை நூலில் இதற்கு வழி காட்டினார். காகிதத்தின் மேல் வரைந்த உருவங்கள் உயிருடன் உலவுவதாகவும், அவற்றுக்கு மேல் கீழ் என்பதே தெரியாததாகவும் அவர் கற்பித்தார். அந்தத் தளத்தை ஒரு பந்து ஊடுருவிச் செல்லுமாயின் அவ்வுயிர்களுக்குப் பந்து தெரியாது. முதலில் ஒரு புள்ளி தோன்றும். அது வட்டமாகப் பெருகும். மீண்டும் சிறுத்து மறையும். மூன்று பரிமாணம் உடைய பொருளை அவை இரண்டு பரிமாணத்தின் தோற்றமும் மறைவுமாகவே அறியும்.

இத்தகைய திருஷ்டாந்தங்களைச் சாகாசந்திர நியாயமாகக் கொள்ளவேண்டும். குழந்தைக்குப் பிறையைக் காட்டுபவன் மரக்கிளையைச் சுட்டி, அக்கிளையின் மேல் பார் என்பான். சந்திரன் கிளையில் இல்லை; ஆயினும் கிளை இல்லாமற் குழந்தையின் கண் சந்திரனிடம் செல்லாது. மேல் வரும் உவமைகளும் அத்தகைய கிளைகளே.

2. தேர் வடமும் எறும்பும்

மறைந்த பரிமாணம் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டவர்களுள் தலையாயவர் தியோடர் கலூசா என்பவர். ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆசிரியராயிருந்த அவர் 1919-இல் ஐன்ஸ்டீனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையை நான்கு பரிமாணங்களில் எழுதாது, இடத்துக்கு ஒன்றைக் கூட்டி ஐந்து பரிமாணங்களில் எழுதினால், அதிலிருந்து ஈர்ப்பின் விதிகள் மட்டுமன்றி, மாக்ஸ்வெல் கண்ட மின்காந்த விதிகளும் தாமே வெளிப்படுகின்றன என்று அவர் காட்டியிருந்தார். வேறு வேறாகக் காணப்பட்ட இரண்டு விசைகள் ஒன்றின் இரு முகங்களாயின. ஐன்ஸ்டீன் வியந்தார், ஆயினும் தயங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1921-இன் இறுதியிலேதான் அக்கட்டுரை பெர்லின் நகரத்து அறிவியற் கழகத்தில் அவரால் சமர்ப்பிக்கப்பட்டது.

"ஐந்தாவது பரிமாணம் உண்டாயின் அது ஏன் தெரியவில்லை?" என்னும் வினாவுக்கு 1926-இல் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் கிளைன் விடை கூறினார். திருத்தேரின் வடத்தைத் தொலைவில் மாடத்திலிருந்து நோக்குபவனுக்கு அது ஒரு கோடாகவே தெரியும். முன்னும் பின்னும் என்னும் ஒரே பரிமாணம் உடையதென்று அவன் கருதுவான். வடத்தின் மேல் ஊரும் எறும்புக்கோ வேறொரு வழியும் உண்டு; அது வடத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே அடையலாம். அந்தச் சுற்றுவழி எங்கோ தொலைவில் இல்லை. வடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது உண்டு. சிறிதாகச் சுருண்டிருப்பதனால் தொலைவில் நிற்பவனுக்குப் புலப்படவில்லை. ஐந்தாவது பரிமாணமும் இவ்வாறே, அணுக்கருவைக் காட்டிலும் கோடி கோடி மடங்குக்கு மேலாகச் சிறியதொரு வட்டமாகச் சுருண்டு, ஒவ்வோர் இடத்திலும் இருக்கக்கூடும் என்று கிளைன் கூறினார்.

இதிலிருந்து மற்றொன்றும் தேறியது. மின்னேற்றம் எப்பொழுதும் ஒரு சிற்றளவின் முழு மடங்குகளாகவே காணப்படுகிறது; ஒன்றரை மின்னணுவின் ஏற்றம் எங்கும் தனித்துக் காணப்படுவதில்லை. மறைந்த வட்டத்தைச் சுற்றி ஓடும் அலை, தான் தொடங்கிய இடத்தில் பிசகின்றி வந்து பொருந்தவேண்டும். ஒரே அளவுள்ள மலர்களால் இடைவெளியின்றித் தொடுத்த வட்ட மாலையில் அரைப்பூவுக்கு இடமில்லாதது போல, அந்த வட்டத்தில் அரை அலைக்கு இடமில்லை. ஆகவே ஏற்றமும் முழு எண்ணாயிற்று என்பது கிளைனின் விளக்கம். அழகிய விளக்கமே. ஆயினும் இக்கணக்கின்படி மின்னணுவின் எடை உண்மையில் உள்ளதைவிட அளவின்றி அதிகமாயிருக்க வேண்டும். அக்குறையால் இக்கொள்கை பல ஆண்டுகள் உறங்கிற்று.

3. விசை பரவும் முறை

பரிமாணங்களின் தொகையை அறிய விசை பரவும் முறையே சிறந்த அடையாளம். தீபத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் விழும் ஒளி, இரண்டு முழ தூரத்தில் நான்கு உள்ளங்கையளவு இடத்தில் பரவும். ஆதலின் தூரம் இருமடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட ஈர்ப்பு விதியும் இத்தகையதே. வெளிக்கு நான்கு பரிமாணங்கள் இருந்தால் பரவும் இடம் இன்னும் அதிகமாகும்; தூரம் இருமடங்கானால் விசை எட்டில் ஒன்றாகிவிடும்.

அங்ஙனமாயின் உலகம் நில்லாது என்பதை 1917-இல் லைடன் நகரத்துப் பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் கணக்கிட்டுக் காட்டினார். விசை எட்டில் ஒன்றாகக் குறையும் உலகில் பூமி சூரியனை நிலையாகச் சுற்றி வராது. சிறிது அசைந்தாலும் ஒன்று சூரியனில் விழும். அல்லது அகன்று ஓடிவிடும். ஆதலின் பெரிய தூரங்களில் இடத்துக்கு மூன்றே பரிமாணங்கள் உள என்பது திண்ணம்.

மறைந்த பரிமாணம் சிறிதாகச் சுருண்டிருந்தால் மட்டும் இத்தோஷம் வாராது. நீண்ட வாய்க்காலின் நடுவே ஒரு கல்லை எறிந்தால் அலை முதலில் வட்டமாகப் பரவும். இரு கரைகளையும் தொட்ட பின்னர் வாய்க்காலின் நீளத்திலேயே செல்லும். அதுபோல, மறைந்த பரிமாணத்தின் அகலத்தைக் காட்டிலும் குறைந்த தூரத்தில் ஈர்ப்பு விரைந்து மாறும். அதனினும் மிக்க தூரத்தில் நியூட்டன் கூறிய விதியே நிற்கும். எனவே மறைந்த பரிமாணத்தைத் தேடுவோர் வானத்தை மட்டும் நோக்காது, மிகச் சிறிய தூரங்களில் ஈர்ப்பை அளக்கவும் முற்பட்டனர்.

4. உலகம் ஒரு படலம் என்னும் மதம்

சரக்கொள்கை என்பது அணுவினும் அணுவான துகள்களை அதிர்கின்ற மிகச் சிறு இழைகளாகக் கொள்வது. வீணையின் ஒரே தந்தி பல ஸ்வரங்களை எழுப்புவது போல ஒரே வகை இழையின் பல அதிர்வுகளே பல துகள்களாகத் தோன்றுகின்றன என்பது அதன் கருத்து. முரணின்றி நிற்கவேண்டுமாயின் இக்கொள்கைக்கு இடத்தில் ஒன்பதும் காலத்தில் ஒன்றுமாகப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். 1995-இல் எட்வர்ட் விட்டன் என்பார் பதினொரு பரிமாணங்கள் உடைய ஒரு கொள்கை இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பதாகக் கூறினார்.

நாம் ஒரு சுவர் போன்ற பகுதியில் அகப்பட்டு வாழ்கின்றோமோ என்ற ஐயத்தை 1983-இலேயே ருபகோவ், ஷபோஷ்னிகோவ் என்னும் ரஷிய நாட்டு அறிஞர் இருவர் எழுப்பியிருந்தனர். 1995-இல் ஜோசப் போல்சின்ஸ்கி என்பார், சரக்கொள்கையில் இழைகள் மட்டுமன்றிப் படலங்களும் இன்றியமையாதன என்று நிறுவினார். இப்படலத்தையே 'பிரேன்' என்று பௌதிகர் வழங்குவர். இரு முனையும் திறந்த இழைகளின் நுனிகள் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒளியும், பொருளாய் அமைந்த துகள்களும் இவ்வகை. இரு முனையும் சேர்ந்து வளையமான இழைகள் எதிலும் ஒட்டா; ஈர்ப்பைச் சுமக்கும் துகள் இவ்வகை. ஆகவே ஒளி படலத்தை விட்டு அகலாது. ஈர்ப்போ படலத்தினுள்ளும் புறத்தும் செல்லும்.

திருக்குளத்தின் நீர்ப்பரப்பில் ஓடும் பூச்சியைக் காண்க. அதன் உணவு, ஓட்டம் எல்லாம் அந்தப் பரப்பிலேயே நடைபெறுகின்றன. கீழே ஆழமும் மேலே ஆகாயமும் உள்ளன. அது அவ்விரண்டிலும் செல்வதில்லை. ஆனால் கரையில் மேளம் ஒலித்தால் அந்நாதம் ஆகாயத்திலும் நீரின் ஆழத்திலும் பரவுகின்றது. பூச்சியைப் போன்றவை ஒளியும் பொருளும். நாதத்தைப் போன்றது ஈர்ப்பு. இம்மதத்தின்படி நாம் இருக்கும் மூன்று பரிமாண உலகமே அந்த நீர்ப்பரப்பு.

5. ஈர்ப்பு ஏன் மெலிந்தது?

இம்மதத்தை விஞ்ஞானிகள் வேடிக்கைக்காகக் கொள்ளவில்லை. ஒரு பெரும் புதிரைத் தீர்க்கவே நாடினர். இரண்டு புரோட்டான்களுக்கிடையே உள்ள மின்விலக்கு விசை, அவற்றினிடையே உள்ள ஈர்ப்பைவிட ஒன்றுக்குப் பின் 36 சுழியங்களை இட்டுப் பெறும் தொகையளவு வலியது. ஒரு சிறு காந்தம் இரும்பு ஊசியைத் தூக்கும்போது முழுப் பூமியின் ஈர்ப்பையும் அது வென்றுவிடுகிறது. மற்ற விசைகளோடு ஒப்பிட ஈர்ப்பு மட்டும் இவ்வளவு மெலிந்திருப்பானேன்?

1998-இல் அர்கானி-ஹமெத், டிமோபவுலோஸ், ட்வாலி என்னும் மூவர் ஒரு விடை கூறினர். ஈர்ப்பு உண்மையில் மெலிந்ததன்று. மறைந்த பரிமாணங்களில் பரவிப் போவதனால் நமக்கு எஞ்சியது சிறிதாயிற்று என்பது அது. ஒரு குடம் பாலைக் குடத்திலேயே வைத்தால் பாலாக இருக்கும். குளத்தில் கொட்டினால் பாலின் சுவையே தெரியாது. மறைந்த பரிமாணம் ஒன்றே ஆயின் அதன் அகலம் சூரிய மண்டலத்தின் அளவாக வேண்டும். கிரகங்களின் கதி அதற்கு இடந்தராது. இரண்டாயின் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம் போதும். அக்காலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் ஈர்ப்பை எவரும் செவ்வையாக அளந்ததில்லை. ஆகவே கைக்கெட்டும் அளவில் ஒரு மறைந்த பரிமாணம் இருக்கக்கூடும் என்ற எண்ணம் உலகெங்கும் அறிஞரைத் திடுக்கிடச் செய்தது.

மறு ஆண்டு, 1999-இல், லிசா ராண்டால் என்னும் அம்மையாரும் ராமன் சுந்தரம் என்பாரும் வேறொரு வழி கண்டனர். அவர்கள் மதத்தில் மறைந்த பரிமாணம் ஒன்றே; அது சிறியது; ஆனால் வளைந்தது. அதன் ஒரு கோடியில் ஒரு படலமும் மறு கோடியில் நம் படலமும் உள. ஈர்ப்பு அந்தப் படலத்தருகே வலிமையுடன் விளங்கி, நம் படலத்தை நோக்கி வர வர மடங்கு மடங்காகக் குறைகிறது. அடி எடுத்து வைக்குந்தோறும் ஓர் ஒலி பாதியாகக் குறையுமாயின், பத்தாம் அடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஐம்பதாம் அடியிலோ பத்துக் கோடியைக் கோடியால் பெருக்கிய தொகையில் ஒரு பங்காகிவிடும். ஐம்பது அடி என்பது சிறு தூரமே, குறைவோ அளவிடற்கரியது. இங்ஙனம் சிறிய பரிமாணமே பெரிய வேறுபாட்டை விளைவிக்கும் என்பது அவர்கள் கண்ட நுட்பம். மறைந்த பரிமாணம் முடிவின்றி நீண்டிருந்தாலுங்கூட, வளைவினால் ஈர்ப்பு ஒரு படலத்தருகே கட்டுண்டு நிற்கலாம் என்று அவ்வாண்டிலேயே மற்றொரு கட்டுரையில் காட்டினர்.

6. பரீக்ஷையில் கண்டது

அழகாயிருப்பது மட்டும் ஒரு மதத்துக்குப் பிரமாணமாகாது. பௌதிகரும் அதனை நன்கறிவர். ஆதலின் நான்கு வகையில் பரீக்ஷித்தனர்.

முதலாவது, சிறு தூரத்தில் ஈர்ப்பை அளத்தல். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் மெல்லிய இழையில் ஒரு தகட்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே மற்றொரு தகட்டை மெதுவாகச் சுழற்றி, மேல் தகடு எவ்வளவு முறுகுகிறது என்று அளந்தனர். 2007-இல் 56 மைக்ரான் தூரம் வரையிலும், 2020-இல் 52 மைக்ரான் வரையிலும் நியூட்டன் விதி பிழையாது நிற்பதைக் கண்டனர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனே ஐம்பது முதல் நூறு மைக்ரான் வரை இருக்கும். இதிலிருந்து, மறைந்த பரிமாணம் உண்டாயின் அதன் அளவு 30 மைக்ரானுக்கு மேற்படாது என்று கணக்கிட்டனர்.

இரண்டாவது, வானம் அளித்த சாக்ஷி. 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நமக்கு அண்டையிலுள்ள நக்ஷத்திரக் கூட்டமொன்றில் ஒரு பெருநக்ஷத்திரம் வெடித்தது. அதிலிருந்து வந்த நியூட்ரினோக்களில் ஏறக்குறைய இரண்டு டஜன், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அக்காலத்துச் சோவியத் நாட்டிலும் இருந்த கருவிகளில் பதிந்தன. மறைந்த பரிமாணம் பெரிதாயிருந்தால் நக்ஷத்திரத்தின் வெப்பத்தில் பெரும்பகுதி ஈர்ப்பின் வழியே அதனுள் கசிந்து, நியூட்ரினோக்களின் வரவு விரைவில் நின்றிருக்கும். அங்ஙனம் நிகழவில்லை.

மூன்றாவது, ஜெனீவா நகரருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த பெரிய யந்திரம். இரண்டு துகள்களை மோதச் செய்தபின், முதலில் இருந்த சக்தியில் ஒரு பகுதி கணக்கில் வாராது மறைகிறதோ என்று அங்கே தேடினர். 2012-இல் ஹிக்ஸ் துகள் அங்கே கண்டறியப்பட்டது. மறைந்த பரிமாணத்தின் சுவடோ இன்றளவும் காணப்படவில்லை.

நான்காவது, 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி வந்த ஈர்ப்பு அலை. ஏறக்குறைய 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நக்ஷத்திரங்கள் ஒன்றோடொன்று மோதியதனால் அது எழுந்தது. அலை வந்த 1.7 விநாடிக்குப் பின் காமாக் கதிரும் வந்தது. ஒளியைக் கொண்டு தூரத்தை அளந்தனர். ஈர்ப்பலையின் வலிவைக் கொண்டும் அளந்தனர். ஈர்ப்பு வழியில் வேறு பரிமாணத்திற் கசிந்திருந்தால் இரண்டு அளவும் ஒவ்வாதிருக்கும். அவை ஒத்தே இருந்தன.

இதனால் மறைந்த பரிமாணம் இல்லை என்று முடிந்ததோ? தர்க்கம் பயின்றோர் இங்கே யோக்யானுபலப்தி என்பதை நினைவு கூர்வர். வெளிச்சமுள்ள அறையில் குடம் காணப்படவில்லையாயின் குடம் இல்லை என்று துணியலாம்; இருந்தால் கண்ணிற் பட்டிருக்க வேண்டுமன்றோ? இருட்டறையில் காணப்படாமை மட்டும் இல்லாமையைச் சாதிக்காது. மேற்கூறிய பரீக்ஷைகள் ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. அவ்விளக்கின் ஒளி எட்டுமளவும் மறைந்த பரிமாணம் இல்லை. ஒளி எட்டாத இடத்தைப் பற்றி உண்டென்றும் இல்லையென்றும் சொல்லலாகாது. நேர்மையுள்ள பௌதிகரும் இவ்வளவே சொல்லுகின்றனர்.

7. ஸித்தாந்தம்

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். மறைந்த பரிமாணம் உண்டென்றே வைத்துக்கொண்டாலும் அது பரமபதம் ஆகுமோ?

ஆகாது என்பதே ஸித்தாந்தம். விசிஷ்டாத்வைத தர்சனத்தின் பொருள்களைத் தொகுத்துக் கூறும் யதீந்த்ரமததீபிகை, திரவியங்களைப் பிரகிருதி, காலம், நித்யவிபூதி, தர்மபூத ஞானம், ஜீவன், ஈசுவரன் என ஆறாக வகுக்கிறது. வைசேஷிகர் திக்கு என்பதைத் தனித் திரவியமாக எண்ணுவர். நம் ஆசார்யர்களோ அதனைத் தனியே கொள்ளாது ஆகாசத்திலேயே அடக்குவர். ஆகாசம் பிரகிருதியின் பரிணாமம். ஆகவே கிழக்கு மேற்கு, மேல் கீழ் என்பன பிரகிருதியைச் சேர்ந்தவை. நான்காவது திக்கொன்று கண்டறியப்பட்டாலும் அதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. மண்ணை எத்தனை காதம் பரப்பினாலும் அது பொன்னாகாது. அதுபோல, பிரகிருதிக்கு எத்தனை பரிமாணங்களைக் கூட்டினாலும் அது சுத்தஸத்வமயமான நித்யவிபூதி ஆகாது. ஒன்று அளவினால் வேறுபட்டது. மற்றொன்று திரவியத்தினாலேயே வேறுபட்டது.

இதனை ஒப்பாவிடில் அனிஷ்டங்கள் பல நேரிடும். மறைந்த பரிமாணமே பரமபதமாயின், அது தலைமயிரின் தடிமனுக்குள் அடங்கும். ஜெனீவா யந்திரத்தில் மோதி மறையும் துகளுக்கும் மோக்ஷம் ஸித்தித்ததாகும். பக்தியும் பிரபத்தியும் வேண்டாவாம். வெடிக்கும் நக்ஷத்திரத்தின் வெப்பம் அர்ச்சிராதி மார்க்கத்தில் சென்றதாகும். மேலும், 1998-இல் ஒரு மில்லிமீட்டராகக் கருதப்பட்ட எல்லை 2020-இல் 30 மைக்ரானாகக் குறைந்தது. எம்பெருமானுடைய தேசமும் அவ்வளவுக்குக் குறைந்து போயிற்று என்று எவரேனும் சொல்லத் துணிவரோ? நாளை ஒரு பரீக்ஷை இக்கொள்கையை அடியோடு வீழ்த்தினால், அதனோடு பிணைத்துக்கொண்ட ஆஸ்திக்யமும் வீழ வேண்டியதாகும். ஆடும் ஓடத்தில் திருத்தேரின் வடத்தைக் கட்டுவார் உண்டோ?

"விஷ்ணு புராணம் எண்ணிறந்த அண்டங்களைக் கூறுகிறதே, அவையே இப்படலங்கள் அல்லவா?" எனில், அதுவும் பொருந்தாது. அங்கே அண்டத்தைச் சூழ்ந்தனவாகக் கூறப்படுபவை நீர், தீ, காற்று, ஆகாசம், அகங்காரம், மஹத் முதலிய தத்துவங்களாகிய ஆவரணங்கள். பௌதிகர் கூறும் படலம், திறந்த இழைகளின் நுனி பதியும் இடம். பன்மை என்னும் ஓர் ஒப்புமை கொண்டு இரண்டையும் ஒன்றென்பது, பசுவும் மேசையும் நான்கு கால் உடையன ஆதலின் இரண்டும் ஒன்று என்பது போலாம்.

பிரத்யக்ஷம், அனுமானம், சப்தம் எனப் பிரமாணங்கள் மூன்று. கருவியால் அளப்பது பிரத்யக்ஷம். அளந்ததைக் கொண்டு கணிப்பது அனுமானம். பரிமாணங்களின் தொகை இவ்விரண்டின் எல்லைக்குள் அடங்குவது. அங்கே பௌதிகர் சொல்லே கேட்கத்தக்கது. பரமபதமோ சப்தமாகிய வேதம் ஒன்றினாலேயே அறியத்தக்கது. ஒரு பிரமாணம் பேசவேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கூப்பிடுவது இரண்டுக்கும் அபசாரம். தராசு கொண்டு ராகத்தை நிறுப்பாரும், செவி கொண்டு பொன்னை மாற்றறிவாரும் இலர்.

8. ஆராய்ச்சியின் பயன்

அங்ஙனமாயின் இவ்வாராய்ச்சி ஆஸ்திகர்க்கு வேண்டாததோ எனில், அன்று. உலகம் பொய்த்தோற்றம் என்பார்க்கு அதனை அளப்பதிற் பயன் சிறிது. நம் தர்சனத்திலோ ஜகத்து ஸத்யம், அது எம்பெருமானுக்குச் சரீரம், அவனுடைய லீலாவிபூதி. ஆகவே உலகின் அமைப்பை உண்மையாக அறிய முயல்பவன், தான் அறிந்தோ அறியாமலோ, அவனுடைய ஐசுவரியத்தின் ஒரு மூலையை அளந்து கொண்டிருக்கிறான். அந்த விபூதிக்கு மூன்று பரிமாணங்களே உண்டு என்றாலும், பத்து உண்டு என்றாலும், அவனுடைய மஹிமைக்குக் குறைவும் இல்லை, மிகுதியும் இல்லை. உண்மை எதுவோ அதுவே அவன் ஸங்கல்பம்.

இளைஞர்கள் இக்கல்வியை அச்சமின்றிக் கற்கலாம். ஒரு பரீக்ஷையின் முடிவு மாறினால் பக்தி குலையுமோ என்று பெற்றோரும் அஞ்சவேண்டுவதில்லை. சாஸ்திரத்துக்கு முட்டுக்கொடுக்கும் பொருட்டு விஞ்ஞானத்தைத் திரிப்பதும், விஞ்ஞானத்தின் பெயரால் சாஸ்திரத்தைத் திரிப்பதும் ஒழிந்தால் போதும்.

எம்பெருமான் எங்கே என்று தேடுவார்க்கு ஐந்தாவது பரிமாணம் வரை செல்லும் சிரமமும் இல்லை. அந்தர்யாமியாய் ஒவ்வோர் உயிரின் உள்ளேயும் அவன் எழுந்தருளியிருக்கிறான். அர்ச்சாவதாரமாய், நீளமும் அகலமும் உயரமும் உடைய திருமேனி கொண்டு, நம் கண்ணுக்கு இலக்காகும் இம்மூன்று பரிமாணங்களிலேயே, திருவீதிகளில் உலா வருகிறான். பரமபதத்தினும் இங்கேயே அவனுடைய ஸௌலப்யம் சிறந்து விளங்குகிறது என்பது பூர்வாசார்யர்களின் துணிபு. அந்த எளிமையை அனுபவிக்கும் பொருட்டே உத்ஸவங்கள் ஏற்பட்டன. சேவார்த்திகள் யாவரும் கண்ணாரச் சேவித்து வாழ்வார்களாக.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.